சியரா நெவாடாவுக்குள் எந்த வாரம் நுழைவது? பனி உருகலும் ஓடை கடப்பும் (பி.சி.டி., வடக்கு நோக்கி)

கேள்வி: குறிஞ்சிநடை

வணக்கம். பசிபிக் கிரெஸ்ட் டிரெயிலை (பி.சி.டி., அமெரிக்காவின் மேற்கில் மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை போகும் நீண்ட நடைபாதை) மெக்சிகோ எல்லையில் கேம்போவிலிருந்து வடக்கு நோக்கி நடக்க எனக்கும் என் மனைவிக்கும் பெர்மிட் கிடைத்திருக்கிறது. தொடங்கும் தேதி ஏப்ரல் 18. கென்னடி மெடோஸ் தெற்கு 702-ஆவது மைல். ஓய்வு நாட்களையும் சேர்த்து நாளுக்குச் சராசரி 17 மைல் என்று போட்டால் மே 29 அன்று அங்கே இருப்போம், 15 மைல் என்றால் ஜூன் 4.

அங்கிருந்து சியரா நெவாடா மலைத்தொடர் தொடங்குகிறது. "ஜூன் 15-க்கு முன் நுழையாதே" என்று ஒரு கூட்டம் சொல்கிறது. "மே மாதமே போய்விடு, பனி கெட்டியாக இருக்கும்" என்று இன்னொரு கூட்டம். இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? இந்த வருடப் பனியை எப்படிப் படிப்பது, ஓடைகளை எந்த நேரத்தில் கடப்பது, எந்த ஓடைகள் உண்மையிலேயே ஆபத்தானவை என்று விவரமாகச் சொல்ல முடியுமா? மனைவி 5 அடி 1 அங்குலம், 48 கிலோ. எனக்குப் பனியை விட ஓடைகள்தான் கவலை.

பதில் 1: மேகமலை

உங்கள் கவலை சரியான இடத்தில் இருக்கிறது. 2017 ஜூலையில் சியராவின் ஓடைகளில் நீண்டதூர நடைக்காரர்கள் இருவர் இறந்தார்கள். கெரிக் கேன்யனிலும் கிங்ஸ் ஆற்றின் தெற்குக் கிளையிலும் நடந்தவை அவை. கணவாய்கள் பார்க்கப் பயமுறுத்தும், ஆனால் அங்கே வேண்டாம் என்று தோன்றினால் திரும்பி இறங்கலாம். ஓடைக்குள் பாதி வழியில் அந்த வாய்ப்பு பெரும்பாலும் இருக்காது.

இரண்டு கூட்டமும் சொல்வது சரிதான், அவர்கள் பேசுவது இரண்டு வேறு பருவங்களைப் பற்றி. மே முதல் பாதியில் இரவு நன்றாக உறையும். பனி கெட்டி, ஓடைகளில் நீர் குறைவு, பல இடங்களில் ஓடை மேலேயே பனிப்பாலம் இருக்கும். ஆனால் அது குளிர்கால மலையேற்றம். ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடரி), கிராம்பன் (ஷூவின் அடியில் மாட்டும் நீண்ட முள் சட்டம்), பனிச்சரிவு பற்றிய அறிவு, பாதையே தெரியாத வெள்ளையில் வழி கண்டுபிடிக்கும் திறமை எல்லாம் வேண்டும். ஜூலையில் பனி திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், ஓடை இறங்கிக்கொண்டிருக்கும். மோசமானது நடுவில் வரும் மூன்று நான்கு வாரங்கள். பனி ஊறிப்போய்க் கால் தொடை வரை இறங்கும், பாலங்கள் உள்ளிருந்து கரைந்திருக்கும், ஓடை உச்சத்தில் ஓடும். சராசரி வருடத்தில் அந்த நடுப்பகுதி மே கடைசியிலிருந்து ஜூன் நடு வரை. உங்கள் மே 29 அதற்குள் நேராகப் போய் விழுகிறது.

எனவே "பனி எப்போது தீரும்" என்று கேட்காதீர்கள். ஓடைகளின் உச்சம் எப்போது கடந்து போகும் என்று கேளுங்கள்.

வருடத்துக்கு வருடம் இது எவ்வளவு மாறும் என்பதற்கு: கலிபோர்னியா நீர்வளத் துறை ஏப்ரல் 1-ஐ ஒட்டி எடுக்கும் பனி அளவீட்டில், மாநிலச் சராசரியோடு ஒப்பிட்டால் 2015-இல் 5 சதவீதம், 2023-இல் 237 சதவீதம். முதலாவது மாதிரி வருடத்தில் மே கடைசியில் ஷூவோடு நடந்துவிடலாம். இரண்டாவதில் ஜூலை நடுவிலும் கணவாய்கள் வெள்ளை. ஜூன் 15 என்ற தேதி சராசரி வருடத்துக்கு மட்டும்தான்.

ஏப்ரல் 1 எண் வந்ததும் முதல் முடிவு எடுக்கலாம், அதுவும் மாநில எண்ணை விட்டுவிட்டுத் தெற்கு சியராவுக்கான எண்ணைப் பாருங்கள். ஆனால் அது முதல் முடிவுதான். ஏப்ரலில் மீண்டும் பனி கொட்டலாம், மே மாதம் குளிராகவே போனால் உருகல் இரண்டு வாரம் தள்ளும்.

மே 10-இலிருந்து தானியங்கி நிலையங்களைப் பாருங்கள். பாதையை ஒட்டியே பிக்ஹார்ன் பீடபூமி நிலையம் 11,000 அடிக்கு மேல் இருக்கிறது, வடக்கே சார்லட் ஏரி, பிஷப் பாஸ், டுவோலமி மெடோஸ். பனியின் உயரத்தைப் பார்க்காதீர்கள், அதிலுள்ள நீரின் அளவைப் பாருங்கள். வசந்தகாலப் பனியில் சுமார் பாதி நீர், அதாவது 24 அங்குல நீர் என்றால் ஏறக்குறைய 4 அடிப் பனி. ஜூன் வெயிலில் நாளுக்கு 1 முதல் 1.5 அங்குல நீர் உருகும். 24 அங்குலம் மிச்சமிருந்தால் அந்த இடம் வெறுமையாக 16 முதல் 24 நாள் ஆகும். நிலையங்கள் தட்டையான திறந்த வெளியில் இருப்பவை. வடக்கு பார்த்த சரிவுகளில் நிலையம் பூஜ்யம் காட்டிய பிறகும் பனி நிற்கும். வடக்கு நோக்கி நடப்பவர்கள் ஒவ்வொரு கணவாயையும் தாண்டி இறங்குவது அந்தச் சரிவில்தான்.

ஓடைக்கு: யோசெமிட்டியில் மெர்செட் ஆற்றின் ஹாப்பி ஐல்ஸ் பாலத்து நீரளவி வரைபடத்தைத் தினமும் பாருங்கள். உங்கள் பாதை அந்த ஆற்றைக் கடக்காது, ஆனால் அதே உயரங்களின் பனிதான் அதில் வருகிறது. தினமும் ஒரு ஏற்ற இறக்கம் தெரியும். அந்த ஏற்றத்தின் முனைகள் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளை விட உயர்ந்துகொண்டே போனால் உச்சம் இன்னும் வரவில்லை. வெயில் குறையாமலே முனைகள் ஒரு வாரம் தொடர்ந்து இறங்கினால் உச்சம் போய்விட்டது. இரண்டு மூன்று நாள் இறங்கியதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், குளிர் அலை வந்தாலும் அப்படித்தான் இறங்கும். வெயில் திரும்பியதும் முன்னை விட வேகமாக ஏறும்.

பதில் 2: நீர்க்காகம்

மேகமலை அண்ணா வாரத்தைச் சொல்லிவிட்டார், நான் மணியைச் சொல்கிறேன்.

உருகல் வெயிலோடு ஏறும். காலை ஒன்பதுக்குத் தொடங்கிப் பிற்பகலில் உச்சம். அந்த நீர் பனிக்குள் ஊறி இறங்கி ஓடைக்கு வரச் சில மணி நேரம் ஆகும். அதனால் பனிக்கு அருகில் உள்ள சிறு ஓடைகள் மாலை நாலிலிருந்து இரவு எட்டு வரை பெருகி, விடியற்காலை ஐந்திலிருந்து எட்டுக்குள் மிகக் குறைவாக இருக்கும். அதே ஓடை மாலையில் தொடை வரையும் காலையில் முழங்காலுக்குக் கீழேயும் ஓடுவது சாதாரணம். மாலையில் ஓடைக்கரைக்கு வந்து நீர் அதிகம் என்றால் கூடாரம் போடுங்கள். அதை விட நல்ல உபாயம் இந்தப் பாதையில் கிடையாது.

ஆனால் இரண்டு இடங்களில் இந்த விதி பொய்க்கும். ஒன்று, பள்ளத்தாக்கின் கீழே உள்ள பெரிய ஆறு. மேலே மாலையில் பெருகிய நீர் அங்கே நள்ளிரவில் வந்து சேரும், காலையிலும் வடிந்திருக்காது. இரண்டு, இரவு உறையாத நாட்கள். 11,000 அடிக்கான முன்னறிவிப்பில் இரவு வெப்பநிலை தொடர்ந்து மூன்று நான்கு நாள் பூஜ்யம் செல்சியஸுக்கு மேல் இருந்தால், காலை நீரும் குறையாது, பனியும் கெட்டிப்படாது. சமவெளி ஊரின் முன்னறிவிப்பை வைத்துக் கணக்கிட்டால் ஆயிரம் அடிக்குச் சுமார் 2 டிகிரி செல்சியஸ் கழியுங்கள். மேகமூட்டமான சூடான இரவு, அதோடு மழை என்றால் நகராமல் இருங்கள்.

இப்போது உண்மையான சிக்கல். கணவாயையும் விடியலில் தாண்ட வேண்டும், ஓடையையும் விடியலில் கடக்க வேண்டும். இரண்டும் ஒரே காலையில் முடியாது. ஆகவே முகாம் இடத்தை வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

ஃபாரெஸ்டர் கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள், 13,153 அடி, பி.சி.டி.யின் உச்சம். அதற்குத் தெற்கே வரிசையாக வாலஸ், ரைட், டிண்டல் என்று மூன்று ஓடைகள். கிராப்ட்ரீ மெடோவில் இரவு தங்கி, நாலரைக்குக் கிளம்பினால் வாலஸும் ரைட்டும் ஏழரைக்குள் முடியும். பிக்ஹார்ன் பீடபூமியைக் கெட்டிப் பனியில் தாண்டிப் பத்து மணிக்குள் டிண்டல். அதைக் கடந்து வடகரையில் ஏறி முகாம் போட்டுவிடுங்கள். நாள் அங்கேயே முடிகிறது, ஒன்பது மைல்கூட ஆகாது. பரவாயில்லை. மறுநாள் மூன்றரைக்கு எழுந்தால் சூரியன் படும் நேரத்தில் ஃபாரெஸ்டரின் தெற்குச் சுவரில் இருப்பீர்கள். மேலே, பனி ஓடை மாதிரி செங்குத்தாக இறங்கும் பள்ளம் ஒன்றைக் குறுக்காகத் தாண்ட வேண்டும். சில அடிகள்தான், ஆனால் அதை உறைந்த படிகளில் தாண்டுவதும் பிற்பகல் கூழில் தாண்டுவதும் ஒன்றல்ல.

மாலை மூன்று மணிக்கு "இன்னும் வெளிச்சம் இருக்கிறதே, இரண்டு மைல் போடலாம்" என்று தோன்றும்போதுதான் தவறுகள் நடக்கின்றன. உருகல் காலத்தில் வேலை நாள் என்பது விடியற்காலை 4-இலிருந்து மதியம் 1 வரை.

ஓடைகள் பற்றி, வடக்கு நோக்கிய வரிசையில், கவனிக்க வேண்டியவை மட்டும்:

கிங்ஸ் ஆற்றின் தெற்குக் கிளை, பின்சோட், மேதர் கணவாய்களுக்கு நடுவில். பாதை கடக்கும் இடத்தில் நீர் ஒன்று திரண்டு ஓடும். உருகல் காலத்தில் அங்கே இறங்கவே வேண்டாம். கிழக்குக் கரையிலேயே, பாதை இல்லாவிட்டாலும், மேதர் நோக்கி மேலே ஏறுங்கள். மேல் படுகையில் ஆறு சிறு சிறு கிளைகளாகப் பிரியும், அங்கே கடக்கலாம்.

எவல்யூஷன் ஓடை. அதிகாரப்பூர்வக் கடவைக்குச் சற்று முன்னால் எவல்யூஷன் புல்வெளியில் அகன்று மெதுவாக ஓடும். இடுப்பு வரை ஆழம், உங்கள் மனைவிக்கு அதற்கு மேலும் இருக்கலாம். ஆனால் ஓட்டம் மெதுவானது, கீழே அருவி இல்லை. ஆழமான மெதுவான நீர் ஆழமற்ற வேகமான நீரை விடப் பாதுகாப்பானது என்பதை இந்த இடத்தில் பார்த்தால் புரியும்.

பேர் ஓடை, செல்டன் கணவாய்க்கு வடக்கே. நல்ல மரப்பாலம் எதையும் நம்பிப் போகாதீர்கள். மேலே நடந்து, கிளை ஓடைகள் சேரும் இடத்துக்கு முன்னால் தனித்தனியாகக் கடப்பது எளிது. இரண்டு சிறு கடவைகள் ஒரு பெரிய கடவையை விட எப்போதும் மேல்.

கெரிக் கேன்யன், வடக்கு யோசெமிட்டியில். பலர் மேதரையும் மியூரையும் தாண்டியதும் கடினமான பகுதி முடிந்தது என்று நினைக்கிறார்கள். இல்லை. டுவோலமிக்கு வடக்கே உயரம் குறைவு, அதனால் ஓடைகள் பெரியவை, காலை விதியும் அவ்வளவாக உதவாது. கெரிக்கில் பாதை ஓடையை ஒட்டியே நீண்ட தூரம் இறங்கி, பாறைகள் நெருங்கிய இடத்தில் கடக்கச் சொல்லும். அதற்கு முன்பே, மேலே புல்வெளியாகத் தட்டையாக இருக்கும் பகுதியில் கடக்கும் இடம் தேடுங்கள். அடுத்து ஸ்டபில்ஃபீல்ட், அதற்கு அப்பால் ஃபால்ஸ் ஓடை.

பாலங்கள் உள்ள இடங்களில் அந்த வருடம் பாலம் இருக்கிறதா என்று தேசியப் பூங்கா அறிவிப்பில் பாருங்கள். கடும்பனிக் குளிர்காலங்கள் பாலங்களைக் கொண்டுபோயிருக்கின்றன.

பதில் 3: வெண்கல்

கடக்கும் முறையைப் பற்றி மட்டும். 48 கிலோ உடம்புக்கு இது முக்கியம். நீரின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கமாக ஏறும், வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. எடை குறைந்தவர் காலூன்றும் பிடி முதலில் போகும். கணவருக்குத் தொடை வரை என்றால் மனைவிக்கு இடுப்பு. அதனால் முடிவை எடுக்க வேண்டியது எடை குறைந்தவர். அவர் வேண்டாம் என்றால் இருவருக்கும் வேண்டாம்.

ஒரு குச்சியை நீரில் எறிந்து கரையில் அதோடு நடந்து பாருங்கள். வேக நடையில் அதைப் பிடிக்க முடியவில்லை என்றால் முழங்காலுக்கு மேல் ஆழத்தில் இறங்காதீர்கள். அடியில் கற்கள் உருண்டு மோதும் சத்தம் கேட்டால் எந்த ஆழத்திலும் வேண்டாம்.

அடுத்து கீழ்நோக்கிப் பாருங்கள். விழுந்தால் எங்கே போவீர்கள்? அருவி, பாறை இடுக்கு, நீரில் சாய்ந்து கிடக்கும் மரம் இருந்தால் அந்த இடத்தை விடுங்கள். மரக்கிளைகளுக்குள் நீர் வடிந்து போகும், மனிதர் போக முடியாது, அங்கேயே அழுத்தப்படுவார். பாதை ஓடையைத் தொடும் இடம் பெரும்பாலும் கோடைக்காலத்துக்காகத் தேர்ந்தது. கால் மைல், அரை மைல் மேலும் கீழும் நடந்து தேடுவதில் போகும் நேரம் வீண் அல்ல. அகலமான, கிளை பிரிந்த, மேலோட்டமான இடத்தைத் தேடுங்கள். வளைவின் வெளிப்பக்கம் ஆழமாக அரித்திருக்கும், இரண்டு வளைவுகளுக்கு நடுவே உள்ள நேர்ப்பகுதிதான் நல்லது.

ஷூவைக் கழற்றாதீர்கள். நீர் பூஜ்யத்தை ஒட்டியது, வெறுங்கால் ஒன்றிரண்டு நிமிடத்தில் மரத்துவிடும், கல்லை உணராது. தூக்கப் பையும் மாற்று உடையும் நீர்புகாப் பையில். மார்புப் பட்டையையும் இடுப்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். ட்ரெக்கிங் போலின் (நடைக்கோல்) மணிக்கட்டு வார்களையும் கழற்றுங்கள், போல் கல்லில் சிக்கினால் கையை இழுக்கும்.

இறங்கியதும் முகம் நீர் வரும் திசைக்கு. போலை முன்னால் ஊன்றி அதில் சாய்ந்து, மூன்று புள்ளிகளில் இரண்டு எப்போதும் தரையில் இருக்கும்படி பக்கவாட்டில் நகருங்கள். கால்களைக் குறுக்கே போடக் கூடாது, உரசியபடி இழுத்து வைக்க வேண்டும். சற்றுக் கீழ்நோக்கிச் சாய்வாகப் போனால் விசை குறையும். இருவர் என்பதால்: கனமானவர் மேல்பக்கம் நின்று நீரை உடைக்கட்டும், மற்றவர் அவருக்கு நேர் பின்னால், அந்த நிழல் நீரில், அவருடைய தோள்பட்டை வாரைப் பிடித்தபடி. ஒருவர் நகரும்போது மற்றவர் நிற்க வேண்டும், வாயால் சொல்லிச் சொல்லி நகருங்கள். கயிறு கட்டிக்கொள்ளவே கூடாது. விழுந்தவரைக் கயிறு நீருக்கடியில் அழுத்தி வைக்கும்.

விழுந்தால்: பையை விட்டுவிடுங்கள். மல்லாந்து, கால்கள் கீழ்நோக்கி, பாதங்கள் நீர்மட்டத்தில். ஓடும் நீரில் எழுந்து நிற்க முயல வேண்டாம், கல்லிடுக்கில் பாதம் மாட்டினால் நீர் உங்களை முன்னால் மடக்கும். ஓட்டம் தணிந்த இடத்தில் குப்புறத் திரும்பிக் கரையை நோக்கிச் சாய்வாகப் பலமாக நீந்துங்கள். எதிரில் சாய்ந்த மரம் வந்துவிட்டால் மட்டும் தலை முன்னால், அதை நோக்கி நீந்தி மேலே தாவி ஏற வேண்டும்.

விழுந்த மரத்தின் மேல் கடப்பது: விடியலில் அதில் பனிப்படலம் இருக்கும். காலை விதி இங்கே எதிராக வேலை செய்கிறது. சந்தேகம் இருந்தால் உட்கார்ந்து இரு பக்கமும் கால் போட்டு நகருங்கள். பனிப்பாலத்தில் நடு குழிந்திருந்தாலோ, நிறம் சாம்பலாக இருந்தாலோ விடுங்கள்.

கேள்வியாளர்: குறிஞ்சிநடை

நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. இரண்டு கேள்விகள். இடுப்புப் பட்டையைக் கழற்றினால் பை ஆடி நிலை குலையாதா? மேலும் ஜூன் 15 வரை தாமதித்தால் வடக்கே வாஷிங்டனில் பனிக்கு முன் முடிக்க நேரம் போதுமா?

பதில் 4: வெண்கல்

ஆடும். அதனால்தான் சிலர் பட்டையைப் போட்டே கடக்கச் சொல்கிறார்கள், முழங்கால் ஆழத்தில் அது நியாயம். முழங்காலுக்கு மேல் என்றால் நான் கழற்றுவதையே சொல்வேன், மாட்டிய பை உங்களைக் கவிழ்த்து முகத்தை நீருக்குள் வைக்கும். ஆட்டத்தைக் குறைக்கத் தோள் வார்களை இறுக்குங்கள், கனமானதை முதுகை ஒட்டி வையுங்கள். கரடி டப்பா (கரடியால் திறக்க முடியாத உணவு டப்பா) மேலே கட்டியிருந்தால் உள்ளே நகர்த்துங்கள்.

பதில் 5: மேகமலை

கணக்குப் போடலாம். கென்னடி மெடோஸிலிருந்து கனடா எல்லை சுமார் 1,950 மைல். செப்டம்பர் 30-க்குள் முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 15 நுழைந்தால் 107 நாள், நாளுக்கு 18 மைல். முடியும். ஜூலை 5 என்றால் 87 நாள், நாளுக்கு 22.4 மைல், அதில் சியராவில் முதல் இரண்டு மூன்று வாரம் 10 மைல்தான் வரும். மிச்சத்தில் 25 வேண்டியிருக்கும். அது பலருக்கு முடியாது.

எனவே உங்கள் ஏப்ரல் 18-க்கு: பனி குறைந்த வருடம் என்றால் உங்கள் வேகத்திலேயே போங்கள், மே 29 சரி. சராசரி என்றால் தெற்கு கலிபோர்னியாவில் நாளுக்கு 12 மைலாகக் குறைத்தால் ஜூன் 15 வந்துவிடும், உடம்புக்கும் நல்லது. ஆனால் மே கடைசிப் பாலைவன வெயிலில் தண்ணீர் சுமை கூடும், மதியத்தில் நிழலில் படுத்து அதிகாலையில் நடக்கப் பழகுங்கள், அந்தப் பழக்கம் சியராவிலும் அப்படியே தேவைப்படும். அதிகப் பனி வருடம் என்றால் காத்திருக்க வேண்டாம், தாவுங்கள். கென்னடி மெடோஸிலிருந்து வண்டியேறி வடக்கே போய் நடந்து, ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ சியராவுக்குத் திரும்புங்கள். தாவும் இடத்திலும் பனி இருக்கும். லாசனும் ஓரிகானும் ஜூன் தொடக்கத்தில் வெறுமையாக இருக்கும் என்று நினைத்துப் போனவர்கள் நிறைய, அங்கும் நிலைய அளவைப் பார்த்துவிட்டே தாவுங்கள். விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது நீண்டதூர பெர்மிட் செல்லுமா, உள்ளூர்ப் பெர்மிட் வேண்டுமா என்று நிபந்தனைகளைப் படித்துக்கொள்ளுங்கள்.

உணவையும் நாளால் கணக்கிடுங்கள், மைலால் அல்ல. கென்னடி மெடோஸிலிருந்து கியர்சார்ஜ் கணவாய்க்குப் பாதை பிரியும் இடம் 87 மைல். கோடையில் ஐந்து நாள், பனியில் எட்டு. அங்கிருந்து சாலை வரும் ஆனியன் பள்ளத்தாக்குக்கு (Onion Valley) வெளியேற ஏழரை மைல், இன்னொரு கணவாய். அடுத்த பகுதியில் கிளென், பின்சோட், மேதர், மியூர் என்று நான்கு கணவாய்கள், பனியில் நாளுக்கு ஒரு கணவாய் என்பதுதான் நியாயமான வேகம். 11.5 லிட்டர் கரடி டப்பாவில் ஏழு நாள் உணவு கஷ்டப்பட்டுக் கொள்ளும். ஆகவே ஒரு நாள் உணவை "ஓடைக்கரைக் காத்திருப்பு" என்றே தனியாக எடுத்து வையுங்கள். உணவு தீர்ந்துகொண்டிருப்பவர்தான் மாலை ஐந்து மணிக்குப் பெருகிய ஓடையில் இறங்குவார்.

பதில் 6: நீர்க்காகம்

ஒன்று விட்டுப்போனது. கென்னடி மெடோஸை விட்டுக் கிளம்பும் முன் ஐஸ் ஆக்ஸ் வாங்கியிருப்பீர்கள், அதோடு சறுக்கினால் தன்னை நிறுத்தும் பயிற்சியும் வேண்டும், கீழே தட்டையாக முடியும் சரிவில், தலைகீழாக விழுவது உட்பட. இருவரும் செய்யுங்கள். மைக்ரோஸ்பைக் (ஷூவின் மேல் இழுத்து மாட்டும் சிறு முள் சங்கிலி) காலைக் கெட்டிப் பனிக்குப் போதும். மே மாதமே நுழைவதானால் கிராம்பன்.

திரும்பிப் போகும் வழியும் தயாராக இருக்கட்டும். டிண்டலில் கடக்க முடியவில்லை என்றால் விட்னி போர்ட்டல் பக்கமோ காட்டன்வுட் கணவாய் வழியாகவோ வெளியேறலாம், ஆனால் வாலஸையும் ரைட்டையும் திரும்பக் கடக்க வேண்டும். அதனால் கடந்து வந்த ஓடை நாளைக் காலை எப்படி இருக்கும் என்பதையும் ஒவ்வொரு கரையிலும் யோசியுங்கள். செயற்கைக்கோள் செய்திக் கருவியை இருவரில் ஒருவர் உடம்பிலேயே, சட்டைப் பையில் வைத்திருங்கள். முதுகுப்பைக்குள் இருந்தால், பையை விட்டுவிட்டுக் கரையேறும் அந்த நேரத்தில் அது ஆற்றோடு போய்விடும்.